பத்து சென்ட் விளையும் மூன்று பங்கும்

கேள்வி: அப்பா விட்டுச்சென்ற பத்து சென்ட் விளையை நாங்கள் மூன்று பேரும் சமமாகப் பிரிக்கிறோம். ஒரு பங்கு 3 1/3 சென்ட். பத்திரம் எழுதுபவர் 3.33 என்கிறார். ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகனோ 3.13 என்று எழுதிக் காட்டுகிறான். எது சரி, சார்?
– ஒரு வாசகி, திருவட்டாறு

பதில்: பத்திரக்காரர் கிட்டத்தட்ட வந்துவிட்டார். பையன்தான் வழிதவறிவிட்டான். 1/3-இல் நடுக்கோட்டை அழித்துவிட்டு, ஒன்றையும் மூன்றையும் புள்ளிக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறான். வகுப்புக்கு நாலு பேராவது செய்கிற வேலைதான், திட்ட வேண்டாம்.

அவனை உட்காரவைத்துக் கேளுங்கள். மூன்று முழு சென்ட்டையும் மும்மூன்று துண்டாக்கினால் எத்தனை? ஒன்பது. மிச்சமிருக்கும் ஒரு துண்டையும் சேர்த்தால் பத்து. ஆக, 3 1/3 என்ற கலப்பு பின்னம் 10/3 என்ற தகா பின்னமாகிறது. உங்கள் வீட்டு விவகாரமே அதில் இருக்கிறது, பாருங்கள்: மேலே பத்து சென்ட், கீழே மூன்று பேர்.

இனி தசமம். பத்தை மூன்றால் வகுக்கட்டும். மூன்று முறை போக மீதி ஒன்று. சுழியம் சேர்த்தால் மறுபடி பத்து, மறுபடி மீதி ஒன்று. விடியவிடிய வகுத்தாலும் தீராது. 3.33 என்று நிறுத்திவிட்டு மூன்று பங்கையும் கூட்டினால் 9.99தான் வரும். விட்டுப்போன 0.01 சென்ட் எவ்வளவு தெரியுமா? ஒரு சென்ட் 435.6 சதுர அடி, அப்படியென்றால் 4.356 சதுர அடி. ஒரு மட்டி வாழைக்கன்று ஊன்றலாம். எல்லைத் தகராறுக்கு நம் பக்கத்தில் அதுவே தாராளம்!

பத்து சென்ட் என்பது 4356 சதுர அடி. அதை மூன்றால் வகுத்தால் 1452, மீதியே கிடையாது. பத்திரத்தில் சதுர அடிக் கணக்கையும் எழுதச் சொல்லுங்கள்.

எல்லாப் பின்னமும் இப்படி இழுத்தடிக்காது. சுருக்கிய பிறகு பகுதியில், அதாவது கோட்டுக்குக் கீழே உள்ள எண்ணில், 2, 5 தவிர வேறு பகாக் காரணி இல்லையென்றால் தசமம் முடிந்துவிடும். 4 3/4 என்பது 19/4, அதாவது 4.75. 2 1/8 என்பது 17/8, அதாவது 2.125.

கேள்வி: தோவாளையில் இரண்டேகால் கிலோ பிச்சிப்பூ வாங்கினேன். தராசில் 2.250 என்று காட்டியது. 2.25 என்றுதானே வர வேண்டும்?
– ஒரு வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: இரண்டும் ஒன்றுதான். இரண்டேகால் என்பது 9/4, தசமத்தில் 2.25. தராசு கிராம் வரை காட்டுவதால் கடைசியில் ஒரு சுழியம். 2.025 என்று காட்டினால் மட்டும் பணத்தைக் கொடுக்காதீர்கள். அது இரண்டு கிலோவும் 25 கிராமும்.