ஹைக்கூவை ஹைக்கூ ஆக்குவது எது?

கேள்வி: ஐயா, எதையும் மூன்று வரியில் எழுதிவிட்டால் அது ஹைக்கூ ஆகிவிடுமா?

பதில்: ஆகாது. ஜப்பானிய மொழியில் ஹைக்கூ பெரும்பாலும் மேலிருந்து கீழாக ஒரே வரியாகத்தான் அச்சாகிறது. 5, 7, 5 என்னும் ஒலிக்கட்டுகள் அந்த ஒரே வரிக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. அவற்றை மூன்று வரிகளாகப் பிரித்தெழுதுவது பிறமொழிகளில் பரவிய வழக்கம்.

கேள்வி: அந்தப் பதினேழு என்பது எழுத்துக் கணக்கா, அசைக் கணக்கா?

பதில்: இரண்டுமில்லை, நம்முடைய மாத்திரைக்கு நெருக்கமான கணக்கு அது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. நம் இலக்கணத்தில் அரை மாத்திரையே பெறும் ஒற்று அங்கே முழுதாக ஒன்று பெறும். அதனால் டோக்கியோ என்ற ஊர்ப்பெயரே நான்காகிவிடுகிறது. ஹைக்கூவின் பெரும்புலவராகப் போற்றப்படும் 17-ஆம் நூற்றாண்டு ஜப்பானியக் கவிஞர் பாஷோவும் இந்த அளவை எப்போதும் காக்கவில்லை. வாடிய கிளையில் வந்தமர்ந்த காக்கையைப் பாடும் அவருடைய புகழ்பெற்ற இலையுதிர்காலக் கவிதையில் நடுப்பகுதி ஏழைத் தாண்டி ஒன்பதாக இருக்கிறது.

கேள்வி: பாஷோவின் தவளைக் கவிதையை எல்லோரும் புகழ்கிறார்கள். ஒரு தவளை குளத்தில் குதித்ததில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: பலருக்கும் எழும் கேள்வி இது, விரிவாகச் சொல்கிறேன். 1686-ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கவிதையின் பொருள் இவ்வளவுதான்: 'பழைய குளம், தவளை குதிக்க, நீரின் ஓசை.' அதற்கு முன் பல நூற்றாண்டுகளாக ஜப்பானியக் கவிஞர்கள் தவளையின் இனிய குரலையே பாடிவந்தார்கள். அதனுடன் 'யமாபுக்கி' என்னும் மஞ்சள் மலரைச் சேர்ப்பதும் மரபு. பாஷோ பின்னிரண்டு பகுதிகளை முதலில் சொன்னபோது, அவருடைய மாணவர் கிக்காக்கு, 'யமாபுக்கி' என்றே தொடங்கலாம் என்றாராம். பாஷோ மலரை ஒதுக்கிவிட்டுப் 'பழைய குளம்' என்று வைத்தார். குரல் போய், குதிக்கும் ஓசை வந்தது; மலர் போய், யாரும் அழகென்று கொண்டாடாத ஒரு குளம் வந்தது.

'பழைய குளம்' என்பதை அடுத்து மூலத்தில் 'யா' என்றொரு வெட்டுச்சொல் வருகிறது. அதற்குத் தனிப்பொருள் இல்லை. அது வாக்கியத்தை அங்கே அறுத்து, நம்மைக் குளத்தின் முன் நிறுத்துகிறது. பிறகுதான் தவளை வருகிறது. அசையாத நீருக்கும் அந்த ஒரு கணத்து ஓசைக்கும் என்ன தொடர்பு என்று கவிஞர் சொல்வதில்லை. இரண்டையும் அருகருகே வைத்துவிட்டு விலகிக்கொள்கிறார், இணைக்கும் வேலை வாசகருடையது. ஹைக்கூவின் தனித்தன்மை எது என்று என்னைக் கேட்டால், சுருக்கத்துக்கும் முன்னால் இந்த வெட்டைத்தான் சொல்வேன்.

கேள்வி: பருவத்தைக் குறிக்கும் சொல் கட்டாயமா?

பதில்: மரபில் கட்டாயம். 'கிகோ' எனப்படும் அச்சொற்களைத் தொகுத்துத் தரும் 'சைஜிக்கி' என்னும் நூல்கள் ஜப்பானில் உண்டு. தவளை என்றால் இளவேனில், வெறுமனே நிலா என்றால் இலையுதிர்காலம். ஹைக்கூ முன்பு 'ஹொக்கு' என்ற பெயரில், பலர் கூடி மாறிமாறிப் பாடிய தொடர்கவிதையின் முதற்பாடலாக இருந்தது; கூடியிருக்கும் பருவத்தை அப்பாடல் சுட்டியாக வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கவிஞர் மசவோகா ஷிக்கி அதைத் தனிக்கவிதையாக நிலைநிறுத்தி 'ஹைக்கூ' என்ற பெயரைப் பரப்பியபோதும் பருவச்சொல் உடன்வந்தது. சந்தோக்கா போன்ற பிற்காலத்தார் பருவச்சொல்லையும் ஒலியளவையும் கைவிட்டு எழுதினார்கள். அவற்றில் நல்ல கவிதைகள் பல உண்டு.

கேள்வி: சென்ரியூ என்கிறார்களே, அது என்ன?

பதில்: அதுவும் ஜப்பானியக் குறுங்கவிதைதான், அளவும் அதேதான். ஆனால் மனிதரின் குணக்கோணல்களைச் சிரிப்போடு சொல்வது. பருவச்சொல்லும் வெட்டுச்சொல்லும் அதற்குத் தேவையில்லை. இன்று நம்மிடையே ஹைக்கூ என்று வழங்கும் அரசியல் கிண்டல்களில் பல உண்மையில் சென்ரியூவுக்கு நெருக்கமானவை.

கேள்வி: தமிழில் ஹைக்கூ எழுத விரும்புகிறேன். எதைக் கடைப்பிடிப்பது?

பதில்: பாரதியார் 1916-இல் சுதேசமித்திரனில் 'ஜப்பானியக் கவிதை' என்று கட்டுரை எழுதிய காலத்திலிருந்தே இவ்வடிவம் நமக்கு அறிமுகம். 5-7-5 கணக்கைத் தமிழில் வலிந்து பின்பற்ற வேண்டாம். நம் அசைகள் வேறு அளவுடையவை. கண்ணால் கண்ட, காதால் கேட்ட இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் 'போல' என்ற உவமவுருபு வந்தால் அதை நீக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள். மூன்றாம் வரியில் கருத்துரை சொல்லத் தோன்றினால், அந்த வரியை எடுத்துவிட்டு அங்கே ஒரு பொருளை வையுங்கள்.