காதில் தண்ணீர்தான் புகுந்தது

கேள்வி: ஐயா, எனக்கு 28 வயது. சோமனூரில் விசைத்தறி ஓட்டுகிறேன். நான்கு மாதங்களுக்கு முன் பவானி ஆற்றில் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றேன். என்னோடு இறங்கிய இருவர், எழும்போதே தேவசத்தம் கேட்டதாகச் சாட்சி சொன்னார்கள். எனக்குக் காதில் தண்ணீர் புகுந்தது மட்டும்தான். மறுபடியும் எடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. ‘ஒரே ஞானஸ்நானம்’ என்றுதான் எபேசியர் நிருபம் சொல்கிறது. அந்த இருவர் பொய் சொன்னார்கள் என்றும் நான் சொல்லமாட்டேன்.

அப்போஸ்தலர் நடபடிகள் 8-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். எத்தியோப்பிய மந்திரி ஒருவர் ரதத்தில் ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகத்தை வாசித்துக்கொண்டு போகிறார். நற்செய்தி ஊழியரான பிலிப்பு ஏறி உட்கார்ந்து பொருள் சொல்கிறார். வழியில் தண்ணீரைக் கண்டதும், ‘நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன?’ என்கிறார் மந்திரி. கரையேறிய பிறகு அவருக்குச் சத்தம் கேட்டதாக ஒரு வரிகூட இல்லை. பிலிப்புவையும் காணோம். ஆனாலும் ‘சந்தோஷத்தோடே தன் வழியே போனான்’ என்று எழுதியிருக்கிறது.

யோர்தான் ஆற்றில் இயேசு ஞானஸ்நானம் பெற்றபோது சத்தம் கேட்டதே என்பீர்கள். கேட்டது. ‘இவர் என்னுடைய நேசகுமாரன்’ என்ற அந்தச் சத்தம் வந்தபோது இயேசு ஊழியத்தைத் தொடங்கியிருக்கவே இல்லை. ஒரு மீட்டர் துணி நெய்யும் முன்பே கையில் வந்த கூலி மாதிரி. முன்பணம் உங்கள் ஊரிலும் கொடுப்பார்கள். பிறகு வாராவாரம் கழித்துக்கொள்வார்கள். தேவனுடைய இந்த நேசம் கழிக்கப்படாதது. உங்களுக்கும் அதுதான் கிடைத்திருக்கிறது, காது கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

கேட்பது பழக்கத்தில் வருவது. சிறுவன் சாமுவேலே, தேவன் கூப்பிட்டதை ஆசாரியர் ஏலி கூப்பிட்டதாக நினைத்து, மூன்று முறை ஏலியிடம் ஓடிப்போய் நின்றவன்தான். ஷெட்டில் அத்தனை தறிகளின் இரைச்சலிலும் உங்கள் தறியின் ஓட்டம் தப்பினால் உங்களுக்குத் தெரிகிறதல்லவா? வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தெரிந்ததா?

நான் கைக்குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவன், ஒன்றும் நினைவில்லை. பதினேழு வயதில், குழந்தையில் பெற்ற ஞானஸ்நானத்தை வளர்ந்தபின் உறுதிப்படுத்தும் திடப்படுத்தல் ஆராதனையில் பேராயர் தலையில் கைவைத்தபோது எனக்குக் கேட்டது வெளியே போன டவுன் பஸ்ஸின் ஹாரன். பல வருடம் கழித்து, கிணற்று மோட்டார் முறைக்காக அண்ணனோடு பேச்சு நின்றுபோயிருந்த சமயம், ‘முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து’ என்ற வசனம் மூன்று ஞாயிறு தொடர்ந்து என்னைக் காணிக்கை போடவிடவில்லை. பெரிய சத்தமெல்லாம் இல்லை, ஒரு உறுத்தல். நான்காம் வாரம் பெருந்துறைக்கு பஸ் ஏறினேன். அண்ணன் முகம் கொடுக்கவில்லை. அண்ணி இலை போட்டார். மோட்டார் முறை இன்றும் தகராறுதான்.