பல நெருக்கடிகள் ஒன்றாக வந்தால் அறக் கோட்பாடுகள் எதற்கு உதவும்?

அறக் கோட்பாடு என்பது எது சரி என்று முடிவெடுக்க நாம் கையில் வைத்திருக்கும் அளவுகோல். முக்கியமாக மூன்று. ஒன்று விளைவைப் பார்க்கும். இன்னொன்று, எவ்வளவு லாபம் வந்தாலும் செய்யக்கூடாதது எது என்று கேட்கும். மூன்றாவது, சுமை யார் தலையில் விழுகிறது என்று கேட்கும்.

ஒன்று போதாதா? போதாது, ஏனென்றால் நெருக்கடிகள் தனியாக வருவதில்லை. நொய்யல் ஆற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பூர்ச் சாயக்கழிவு ஆற்றில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியதில் கீழ்ப்பக்கத்து விவசாயிகளின் கிணறும் தோட்டமும் உப்பேறி, குடிக்கிற தண்ணீரும் கெட்டது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், கழிவைத் திறந்துவிட முடிவெடுக்காத கூலித் தொழிலாளிகளின் பிழைப்பு நின்றது. சூழல், உடல்நலம், வயிற்றுப்பாடு எல்லாம் சிக்கு விழுந்த நூல் மாதிரி, ஒரு முனையை வெடுக்கென்று இழுத்தால் இன்னொரு பக்கம் இறுகும்.

விளைவை மட்டும் கூட்டிக் கழித்தால், ஏற்றுமதி வருமானத்துக்கு முன்னால் ஒரு விவசாயியின் கிணறு சின்ன எண்ணாகிவிடும். அடுத்தவர் தண்ணீரைக் கெடுக்க யாருக்கும் உரிமையில்லை என்று இரண்டாவது அளவுகோலான கடமை அங்கே குறுக்கே நிற்கும். சரி, பட்டறையை மூடியாயிற்று, அப்புறம்? சுத்திகரிப்புச் செலவை லாபம் பார்த்தவரே ஏற்க வேண்டும், வேலை போனவருக்கு இடைக்கால உதவி வேண்டும் என்பது மூன்றாவது அளவுகோல் சொல்வது. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

கோட்பாடுகள் ஒன்றோடொன்று முரண்படுவதால் அவை வீண் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், யாருடைய இழப்பு கணக்கில் விட்டுப்போனது என்பது அந்த முரணில்தான் தெரிய வருகிறது.