பம்ப் ஸ்டொப்பர்: கட்டி ரப்பரா, ஃபோமா?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான்: காரின் முன் ஷொக் (ஷொக் அப்சோர்பர்) இரண்டையும் மாற்றப் போகிறீர்கள். ஷொக் முழுதாக அமுங்கி இடிக்காமல் தாங்க அதன் ரொட்டில் (மேலும் கீழும் போய்வரும் கம்பியில்) மாட்டியிருந்த ஸ்டொப்பர் உடைந்துவிட்டது. கராஜ் பாஸ் "கட்டி ரப்பர் போட்டால் காலத்துக்கும் கிடக்கும்" என்கிறார். கடைக்காரர் காற்றுப்போல இலேசான மஞ்சள் ஃபோம் ஒன்றை நீட்டுகிறார். எதை எடுப்பது?

ஃபோமை எடுங்கள். அதுவும் உங்கள் காருக்கு உரிய உயரத்தில். நான் ஒருமுறை பாஸ் பேச்சைக் கேட்டு நொந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

என்னுடையது டொயோட்டா 141 அக்ஸியோ. முன் ஷொக்கில் எண்ணெய் கசிகிறது என்று கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு கராஜில் விட்டேன். கழற்றி டஸ்ட் கவரை (ரொட்டைத் தூசி படாமல் மூடும் உறையை) உருவினால் உள்ளே ஸ்டொப்பர் என்று சொல்ல மேலே ஒரு வளையம் மட்டும்தான் மிச்சம். மற்றதெல்லாம் தூளாகி ஷொக் சிலிண்டரின் தலையில் குவிந்து கிடந்தது. ஒரு துண்டை எடுத்து நசுக்கினேன். தேத்தண்ணியில் ஊறிய ரஸ்க் மாதிரி விரலில் ஒட்டிக்கொண்டது. பாஸ் லாச்சியைக் கிண்டி, வேறெதற்கோ உரிய கறுப்புக் கட்டி ரப்பர் இரண்டை எடுத்துப் போட்டுவிட்டார். காசுகூட வாங்கவில்லை, அதில் எனக்குச் சந்தோஷம் வேறு.

அன்று பின்னேரமே வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கைக்குள் திரும்பி வேகத்தடையில் ஏறி இறங்கும்போது "டங்" என்று ஒரு சத்தம். மேல் நட்டு லூசாக்கும் என்று இரண்டு தடவை இறுக்கினோம். சத்தம் போகவில்லை. கடைசியில் பார்த்தால் அது அந்த ரப்பரின் சத்தம்.

விஷயம் இதுதான். பெயரைப் பார்த்து அதை வெறும் தடுப்புக் கட்டை என்று நினைக்கிறோம், உண்மையில் அது இரண்டாவது ஸ்பிரிங். டொயோட்டா பாகப் பட்டியலிலும் அதன் பெயர் 'ஸ்பிரிங் பம்பர்' என்றுதான் இருக்கும். மஞ்சள் ஃபோம் என்று நாம் சொல்வது நுண்ணறைகள் கொண்ட பொலியூரிதேன். அமுக்கும்போது முதலில் உள்ளே இருக்கும் சின்னச் சின்னக் காற்றறைகள் மூடும், அதனால் மெதுவாக இடம் விடும். அறைகள் மூட மூடச் சட்டென்று இறுகும். தன் உயரத்தில் முக்கால் பங்குக்கு மேல்கூட அமுங்கும், பக்கவாட்டில் அதிகம் பிதுங்காது. கட்டி ரப்பருக்கு அமுங்க உள்ளே இடமே இல்லை, பக்கத்தால் பிதுங்கத்தான் முடியும். ஆகவே கொஞ்சம் அமுங்கியதும் முழு அடியும் ஒரேயடியாக ஷொக்கைக் காரோடு பிடித்திருக்கும் மேல் மவுண்டுக்கும் கார் உடலுக்கும் போய்விடும். பல கார்களில் பெரிய கிடங்கில் விழுந்தால்தான் ஸ்டொப்பர் வேலை செய்யும் என்றில்லை. பலமாக பிரேக் பிடித்து மூக்கு குத்தும்போதும், வளைவில் சாயும்போதும் அதைத் தொடும். தவறான ஸ்டொப்பர் போட்டால் கார் ஓடுகிற விதமே மாறும்.

ஒன்றுமே போடாமல் விடுவது இன்னும் மோசம். பிஸ்டன் போய் ஷொக்கின் அடியில் உள்ள வால்வில் இடிக்கும். புது ஷொக்குக்குச் செலவழித்த காசு அத்தோடு சரி.

"பிறகு ஏன் ஃபோம் இப்படித் தூளாகிறது?" என்று கேட்பீர்கள். வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் பொலியூரிதேன் மெல்ல மெல்லச் சிதையும், கொழும்பில் இரண்டுக்கும் குறைவில்லை. மீட்டரில் ஓட்டம் குறைவு என்பதை நம்ப வேண்டாம், வயதைப் பாருங்கள். கடை ராக்கையில் பல வருடம் கிடந்த சாமானுக்கும் இதே கதிதான்.

அதனால் கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வாங்கும்போது பெட்டியைத் திறந்து பார்த்தே வாங்குங்கள். இரண்டாவது தடவை நான் போன கடையில் நானா முதலில் தந்ததைக் கட்டைவிரலால் அமுக்கினேன், பள்ளம் அப்படியே நின்றது. "நானா, இது பழசு" என்றேன். மறுபேச்சில்லாமல் வேறொன்று எடுத்துத் தந்தார். "தம்பி சேசி நம்பர் கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டதும் அவர்தான். அதுதான் சரியான வழி. பழைய ஸ்டொப்பரை அளந்து புதிது தேடாதீர்கள். அது வருடக்கணக்காக அடி வாங்கி உயரம் குறைந்து போயிருக்கும், மிச்சம் இருந்தால். டொயோட்டா என்றால் பாக எண் முன்னுக்கு 48331 என்றும் பின்னுக்கு 48341 என்றும் தொடங்கும்.

வேறு கம்பெனியின் சாமான் எடுப்பதென்றால் மூன்று அளவு பாருங்கள்: உயரம், வெளித் தடிப்பு, துளை. பல ஜப்பான் கார்களின் முன் ரொட் 20 அல்லது 22 மில்லிமீட்டர். அந்த 2 மில்லிமீட்டர் கண்ணுக்குத் தெரியாது, கலிப்பர் வைத்தால்தான் தெரியும். துளை பெரிதானால் ஸ்டொப்பர் ரொட்டில் தொளதொளவென்று ஆடும்.

ஸ்பிரிங் வெட்டிக் காரைப் பதித்தவர்களுக்கு மட்டும் உயரம் குறைந்த ஸ்டொப்பர் தேவைப்படலாம், இல்லாவிட்டால் கார் எந்நேரமும் ஸ்டொப்பரிலேயே உட்கார்ந்திருக்கும். ஆனால் ஸ்டொப்பரை வெட்டக் கத்தியை எடுக்க முன், முழுதாக அமுங்கும்போது டயர் மட்காட்டில் முட்டுமா, ஷொக் உள்ளே இடிக்குமா என்று பாருங்கள். வெட்டினாலும் ஒடுங்கிய நுனியில் கைவைக்காதீர்கள். முதலில் மெதுவாகத் தாங்குவது அந்த நுனிதான்.

டஸ்ட் கவரையும் சேர்த்து மாற்றுங்கள். அது கிழிந்தால் மண் ரொட்டில் ஒட்டி, எண்ணெயை அடைத்து வைக்கும் ரப்பர் சீலை அறுக்கும், பிறகு கசிவுதான். ஷொக்கின் விலையோடு பார்த்தால் இரண்டும் சில்லறை. ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றும் கூலி எப்படியும் கொடுக்கத்தான் போகிறீர்கள். ஸ்டொப்பர் ரொட்டில் இறங்க மறுத்தால் பாஸ் கிரீஸ் டப்பாவைத் தேடுவார், விடாதீர்கள். கிரீஸில் தூசி ஒட்டி சீலுக்குத்தான் போகும். சோப்புத் தண்ணீர் கொஞ்சம் போதும்.

பூட்டிய பிறகு நான் செய்தது: டஸ்ட் கவரைத் தூக்கி, ரொட்டில் ஒரு கேபிள் டையைக் கட்டிச் சிலிண்டர் தலையோடு ஒட்டி வைத்தேன். நாலு பேரை ஏற்றிக்கொண்டு அதே ஒழுங்கை, அதே வேகத்தடை. வீட்டுக்கு வந்து பார்த்தால் டை மேலே ஏறி ஸ்டொப்பரின் நுனியோடு ஒட்டி நின்றது. தொட்டிருக்கிறது, ஆனால் உள்ளே இருந்த எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. அடுத்த நாள் வீல் அலைன்மென்டுக்குக் கொண்டுபோனேன்.