தூரிகைக்கு முன் வந்த உடம்பு

கேள்வி: பழைய அமெரிக்க ஊர்சுற்றி ஓவியர்கள் குளிர்காலத்தில் தலையில்லாத உடம்புகளை வரைந்துவைத்து, கோடையில் முகம் மட்டும் ஒட்டவைத்தார்களாமே, நிஜமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: கதை ருசியாக இருக்கிறது, ஆதாரந்தான் இல்லை. அப்படியொரு தலையில்லாத திரைச்சீலைக் குவியலை யாரும் கண்டெடுக்கவில்லை. ஒரே சாயல் எங்கும் வருவதால் எழுந்த சந்தேகம் அது. அப்படி ஊர்சுற்றியவர்களில் ஒருவரான அம்மி பிலிப்ஸ் வரைந்த சிவப்புக் கவுன் சிறுமியைப் பாருங்கள்: மடியில் வெள்ளைப் பூனை, காலடியில் நாய், கழுத்தில் பவளமாலை. அதே கவுன் அவருடைய வேறு குழந்தைப் படங்களிலும் வரும். கைக்குப் பழகியதை வரைந்தார், அவ்வளவுதான்.

பாஸ்டனின் வில்லியம் மேத்யூ பிரையர் இன்னும் கெட்டிக்காரர். நிழல் தீட்டாத தட்டைப் படமென்றால் கால் விலை என்று விளம்பரமே செய்தார்! புகைப்படம் வந்ததும் இந்தப் பிழைப்பு படுத்துவிட்டது.

பிலிப்ஸின் பெயரே மறந்துபோயிருந்தது. பார்பரா, லாரன்ஸ் ஹோல்ட்ரிட்ஜ் என்ற சேகரிப்பாளர் தம்பதி, அவருடைய கையெழுத்திருந்த ஒரு படத்தை வாங்கித் துருவியதில்தான், இரு வெவ்வேறு ஓவியர்கள் என்று நினைத்திருந்தவர் ஒரே ஆள் என்பது தெரிந்தது. பணக்காரர் பொழுதுபோக்கென்று சேகரிப்பாளர்களை நான் கேலி செய்வதுண்டு. இந்தத் தம்பதிக்கு விதிவிலக்கு.