கொலராடோவில் பனிப்பொழிவு நின்று இரண்டு நாள் வெயில் அடித்தபின் மலைக்குள் நடந்து செல்லலாமா?

வானம் தெளிந்துவிட்டது என்பதை மட்டும் நம்பிச் செல்ல வேண்டாம் என்பதே என் பதில். மலைச்சரிவில் படிந்த பனி மொத்தமாகப் பெயர்ந்து கீழே பாயும் பனிச்சரிவு, வெயில் நாளிலும் நிகழும். டென்வரில் வசிக்கும் நான், பனிச்சறுக்கு மையங்களின் எல்லைக்கு அப்பாலுள்ள மலைகளில் ஆறு குளிர்காலங்களாக நடந்து வருகிறேன். தொடக்கத்தில் நானும் உங்களைப் போலவே நினைத்திருந்தேன்.

பொழிவு நின்றாலும் காற்று நிற்பதில்லை. முகட்டின் ஒரு பக்கத்துப் பனியை வாரிக்கொண்டுபோய் மறுபக்கத்தில் குவித்து, நீல வானத்தின் கீழேயே சில மணி நேரத்தில் ஒரு சரிவின் பாரத்தை அது கூட்டிவிடும். அந்தப் பாரத்தைத் தாங்கும் அடித்தளம் இன்னும் முக்கியமானது. இங்கே அக்டோபர், நவம்பரில் விழும் பனி மெல்லிய படலமாகக் கிடக்கும்போது, அதன் அடிப்பகுதி ஏறக்குறைய 0 டிகிரியிலும் மேற்பகுதி இரவுக் குளிரில் அதைவிட மிகக் கீழேயும் இருப்பதால், அடியிலிருந்து நீராவி மேலேறிப் பனித்துகள்களைப் பருத்த, ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாக்கிவிடுகிறது. பின்னால் வரும் புயல்களின் பனி அதன்மேல்தான் பலகைபோல் இறுகிப் படிகிறது.

பெர்த்தூட் கணவாய் அருகே நடந்த பனிச்சரிவுப் பயிற்சி வகுப்பில் இதைக் கண்ணால் கண்டேன். குழி தோண்டி, 90 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பனித்தூணைத் தனியே வெட்டி, அதன் ஓரத்தில் மண்வாரியின் தகட்டை வைத்துத் தட்டினோம். மணிக்கட்டிலிருந்து பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என்பது கணக்கு. பதினான்காவது தட்டில் தூணின் மேற்பகுதி முழுவதும் மேசை இழுப்பறையைப் போல் என் பக்கம் நகர்ந்து வந்தது. அடியில் இருந்ததை அள்ளிப் பிடித்தேன். வறுத்த ரவையை அப்படியே உருண்டை பிடிக்க முயன்றதுபோல் விரலிடுக்கு வழியே கொட்டிவிட்டது. அன்று வானத்தில் ஒரு மேகமும் இல்லை.

2013 ஏப்ரல் 20 அன்று, லவ்லேண்ட் கணவாயை அடுத்த ஷீப் கிரீக்கில், ஆறு பேர் கொண்ட குழுவில் ஐவர் இறந்தனர். அவர்கள் அபாயம் அறியாதவர்கள் அல்லர். பாதுகாப்பான இடத்தை நோக்கி அவர்கள் ஒரு சரிவின் கீழ்ப்பகுதியைக் கடந்துகொண்டிருந்தபோது, அடியிலிருந்த பலவீனமான அடுக்கு நொறுங்கி, மேலிருந்த பனி அவர்கள்மீது இறங்கியது. ஆகவே, சரிவில் ஏறாமல் கீழே நடந்தால் போதும் என்றும் எண்ணிவிடாதீர்கள்.

கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையம் நாள்தோறும் வெளியிடும் அறிக்கையைப் புறப்படும் காலையில் படியுங்கள். அதில் தரப்படும் அபாயத்தின் ஐந்து நிலைகளில் மூன்றாவதை 'நடுத்தரம்தானே' என்று கடந்துவிட வேண்டாம். பல உயிர்கள் அந்த நிலையில்தான் போயிருக்கின்றன. காலடியில் 'வும்ப்' என்று பனி அமுங்கும் ஓசை கேட்டாலோ, காலணியிலிருந்து விரிசல் ஓடினாலோ, வந்த வழியே திரும்பிவிடுங்கள். குழுவில் ஒவ்வொருவரிடமும் பீக்கன் (புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி), துழாவுகோல் (பனிக்குள் குத்திப் பார்க்கும் நீண்ட கம்பி), மண்வாரி மூன்றும் இருக்க வேண்டும். புதைந்தவரை ஏறக்குறைய 15 நிமிடத்துக்குள் எடுக்காவிட்டால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகச் சரிகிறது.

இப்படி இறுகிய பனி பலகையாகப் பெயரும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரிச் சாய்வில் நிகழ்கின்றன. எனவே 30 டிகிரிக்குக் குறைந்த, தலைக்கு மேலே செங்குத்தான சரிவு எதுவும் இல்லாத பாதையைத் தேர்ந்தெடுங்கள். ஜனவரி முழுவதும் நான் அத்தகைய இடங்களில் மட்டுமே நடக்கிறேன்.