லாபம் இருக்கிறது, பணம் வந்ததா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் அக்கவுன்ட்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 34. கணவரும் வேலைக்குப் போகிறார். வீட்டுச் செலவு, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் போக மாதம் 15,000 ரூபாய் மிச்சம் பிடிக்க முடிகிறது. வங்கி டெபாசிட்டில் 3 லட்சம் இருக்கிறது. உடன் வேலை பார்ப்பவர்கள் ஒரு டெலிகிராம் குழுவில் வரும் டிப்ஸைப் பார்த்துப் பங்கு வாங்குகிறார்கள். சந்தா கட்டினால் என்னையும் சேர்த்துவிடுவதாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. நிறுவனங்களை நானே அலசிப் பார்த்து முதலீடு செய்யக் கற்றுக்கொள்ள ஆசை. பி.காம் படித்திருக்கிறேன். ஆனாலும் ஓர் ஆண்டறிக்கையைத் திறந்தால் 300 பக்கம் வருகிறது, மலைப்பாக இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது? டெபாசிட் பணத்தை எடுத்து இதில் போடலாமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். டெபாசிட்டைத் தொட வேண்டாம். வேலை போனாலும் ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலும் கைகொடுக்கப்போவது அந்த 3 லட்சம்தான். அது இருந்தால்தான் சந்தை விழும்போது பங்குகளை அடிமாட்டு விலைக்கு விற்காமல் பொறுத்திருக்க முடியும்.

டெலிகிராம் விஷயத்தில் உங்கள் மனம் சொன்னது சரி. காசு வாங்கிக்கொண்டு பங்குப் பரிந்துரை செய்ய, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் பதிவு வேண்டும். ஆய்வாளர்களின் பதிவு எண் ஐ.என்.எச் என்றும், ஆலோசகர்களுடையது ஐ.என்.ஏ என்றும் தொடங்கும். அந்த எண் உண்மையானதா என்று செபி இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். எண்ணைக் கேட்டதும் பேச்சை மாற்றுகிறவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இனி கற்றுக்கொள்வது. பலருக்கும் இல்லாத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது. பையர் (சரக்கு வாங்குபவர்) பணம் அனுப்பத் தாமதித்தால் பேக்கிங் கிரெடிட், அதாவது ஏற்றுமதி ஆர்டருக்காக வங்கியில் வாங்கிய கடனின் வட்டி எப்படி ஏறும், நூல் விலை கூடினால் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஆர்டர் எப்படி நஷ்டமாகும் என்பதையெல்லாம் தினமும் கண்ணெதிரே பார்க்கிறீர்கள். அதனால் உங்கள் துறையிலேயே பங்குச்சந்தையில் இருக்கும் நான்கைந்து நிறுவனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்குவதற்கு அல்ல, படிப்பதற்கு. வங்கிகளையும் நிதி நிறுவனங்களையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அவற்றின் கணக்கைப் படிக்கும் முறையே வேறு.

ஆண்டறிக்கைகள் மும்பை பங்குச்சந்தையான பி.எஸ்.இ-யின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் பக்கத்திலிருந்து படித்தால் நிச்சயம் சோர்ந்துவிடுவீர்கள். சேர்மன் கடிதமும் வண்ணப் படங்களும் கடைசியில் இருக்கட்டும். நேராக ஆடிட்டர் அறிக்கைக்குப் போய், அவர் ஆட்சேபம் ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். அடுத்தது கேஷ் ஃப்ளோ அறிக்கை, அதாவது ரொக்கம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று காட்டும் பக்கம். கணக்குகளில் கன்சாலிடேட்டட் என்று இருப்பதையே எடுங்கள். துணை நிறுவனங்களின் கடன் அதில்தான் சேர்ந்து வரும்.

நான் எந்த நிறுவனத்தை எடுத்தாலும் முதலில் கேட்பது இதைத்தான்: காட்டிய லாபம் பணமாகக் கைக்கு வந்ததா? ஒரு கற்பனை நிறுவனத்தை வைத்துப் பார்ப்போம். போன வருட விற்பனை 400 கோடி, லாபம் 30 கோடி. இந்த வருட விற்பனை 520 கோடி, லாபம் 42 கோடி. விற்பனை 30 சதவிகிதமும் லாபம் 40 சதவிகிதமும் வளர்ந்திருக்கின்றன. செய்தித்தாள் இத்துடன் நிறுத்திவிடும். நீங்கள் பேலன்ஸ் ஷீட்டைத் திறக்கிறீர்கள். வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய பாக்கி 80 கோடியிலிருந்து 150 கோடியாகியிருக்கிறது. 80-ஐ 400-ஆல் வகுத்து 365-ஆல் பெருக்கினால் 73 நாள். 150-ஐ 520-ஆல் வகுத்து அப்படியே பெருக்கினால் 105 நாள். அதாவது சரக்கு போய்ச் சேர்ந்து பணம் வருவதற்கு ஒரு மாதம் கூடுதலாகிறது. கேஷ் ஃப்ளோவில் செயல்பாட்டின் மூலம் வந்த ரொக்கம் 6 கோடிதான். அப்படியென்றால் 42 கோடி லாபத்தில் பெரும்பகுதி பையரின் கையில் நிற்கிறது.

இது மோசடி என்று உடனே முடிவுகட்டக் கூடாது. மார்ச் கடைசியில் பெரிய ஷிப்மென்ட் போயிருந்தாலும் பாக்கி இப்படி வீங்கும், உங்களுக்கே தெரியும். அதனால்தான் ஒரு வருடத்தைப் பார்த்து நிற்காமல் ஐந்து வருட லாபத்தைக் கூட்டி, அதே ஐந்து வருடச் செயல்பாட்டு ரொக்கத்தையும் கூட்டிப் பக்கத்தில் வைக்கச் சொல்கிறேன். இரண்டும் ஏறக்குறைய சேர்ந்து போனால் நல்லது. லாபம் 150 கோடி, ரொக்கம் 50 கோடி என்றால் காரணத்தைத் தேட வேண்டும்.

அதற்கு, கணக்குகளுக்கான விளக்கக் குறிப்புகள் இருக்கும் நோட்ஸ் பகுதிக்குப் போங்கள். 2021 மார்ச்சில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, நிறுவனங்கள் பாக்கியை வயதுவாரியாகப் பிரித்துக் காட்டியாக வேண்டும்: ஆறு மாதத்துக்குள், ஓராண்டுக்குள், இரண்டு ஆண்டுக்குள், மூன்று ஆண்டுக்குள், அதற்கு மேல் என்று. தகராறில் இருக்கும் பாக்கி தனியாக வரும். மூன்று ஆண்டுக்கு மேல் நிற்கும் தொகை பெரிதாக இருந்து, அது வராமல் போகலாம் என்று நிறுவனம் லாபத்திலிருந்து ஒதுக்கீடு செய்யவில்லை என்றால், அந்த நஷ்டம் இனிமேல்தான் வரப்போகிறது. இந்த ஒரு அட்டவணையை ஒழுங்காகப் படிக்கிறவர்கள் மிகக் குறைவு. பாக்கி லெட்ஜர் பார்த்துப் பழகிய உங்களுக்கு இது சுலபம்.

ஆனாலும் இந்தச் சோதனை எல்லாவற்றையும் பிடித்துவிடாது. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கதையில் ரொக்கமே பொய். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தின்படி, கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை. வெளியிலிருந்து கணக்கைப் படித்து அதைக் கண்டுபிடிப்பது கடினம். எச்சரிக்கை வேறு இடத்தில் வந்தது. அதற்கு மூன்று வாரம் முன்பு, 2008 டிசம்பரில், புரமோட்டர் (நிறுவனத்தைத் தொடங்கி நடத்துபவர்) குடும்பத்தின் மேடாஸ் நிறுவனங்களை சத்யத்தின் பணத்தில் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்க போர்டு ஒப்புதல் கொடுத்தது. சாஃப்ட்வேர் நிறுவனத்துக்கு ரியல் எஸ்டேட்டும் கட்டுமானமும் எதற்கு? முதலீட்டாளர்கள் கொதித்தார்கள், சில மணி நேரத்திலேயே முடிவு வாபஸானது. எனவே நோட்ஸில் தொடர்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனைகள் என்று வரும் பகுதியை விடாமல் படியுங்கள். புரமோட்டரின் சொந்த நிறுவனத்துக்குக் கடன், குடும்ப நிலத்துக்கு அட்வான்ஸ், மச்சானின் கம்பெனியிலிருந்து கொள்முதல் என எல்லாம் அங்கேதான் இருக்கும். புரமோட்டர் தன் பங்குகளை எவ்வளவு அடமானம் வைத்திருக்கிறார் என்பது காலாண்டுதோறும் வரும் பங்குதாரர் பட்டியலில் தெரியும். அதை வெளியிடுவது கட்டாயமானதே சத்யம் விவகாரத்துக்குப் பிறகுதான்.

இதையெல்லாம் தாண்டி வரும் நிறுவனத்துக்குத்தான் விலை பார்க்க வேண்டும். பி.இ, அதாவது பங்கு விலையை ஒரு பங்குக்கான லாபத்தால் வகுத்தால் வரும் எண், குறைவாக இருந்தால் மலிவு என்று சொல்வார்கள். 2021-22-இல் நூல் விலை எகிறி, 2022 மே மாதம் திருப்பூரில் கடையடைப்பு வரை போனது நினைவிருக்கும். உங்களைப் போன்ற நிறுவனங்கள் தவித்த அதே நேரத்தில் நூற்பாலைகள் பெரிய லாபம் பார்த்தன. பல ஆலைப் பங்குகளின் பி.இ ஒற்றை இலக்கத்தில் நின்றது. மலிவு என்று நம்பி வாங்கியவர்கள் அடுத்த ஆண்டே அந்த லாபம் சரிந்ததைப் பார்த்தார்கள். ஏறி இறங்கும் தொழிலில் ஒரு நல்ல வருடத்து லாபத்தை வைத்து விலையை எடைபோடாதீர்கள். குறைந்தது ஏழெட்டு வருடச் சராசரியை எடுங்கள்.

பணத்துக்கு வருகிறேன். 15,000-இல் 12,500-ஐ நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில் (50 பெரிய நிறுவனங்களின் பங்குகளை அப்படியே வாங்கும் ஃபண்ட்) எஸ்.ஐ.பி-யாக, அதாவது மாதாமாதம் போடுங்கள். படிப்பு முடியும்வரை முதலீடு காத்திருக்க வேண்டியதில்லை. மீதி 2,500-ஐ, பின்னால் பங்கு வாங்குவதற்காக, ஆர்.டி-யில் (மாதாந்திர வங்கிச் சேமிப்பு) சேர்த்துவாருங்கள். ஒரு வருடத்துக்குள் நான்கு நிறுவனங்களைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள்: தொழில் என்ன, பணம் எப்படி வருகிறது, எது நடந்தால் என் கணிப்பு தப்பாகும். மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுத முடியாவிட்டால் அந்தப் பங்கை வாங்காதீர்கள். நீங்களே தேர்ந்தெடுத்த பங்குகளின் வருமானத்தை மூன்று வருடம் கழித்து அதே இண்டெக்ஸ் ஃபண்டுடன் ஒப்பிடுங்கள். ஃபண்ட் முன்னே இருந்தால் பங்குகளுக்கான தொகையை உயர்த்த வேண்டாம். ஓராண்டுக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவிகிதம் வரி. அதற்குப் பிறகு விற்றால் வருடத்துக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவிகிதம்.

படிக்கும் நிறுவனத்தில் ஒரே ஒரு பங்கு மட்டும் வாங்கி வைத்துக்கொள்வதில் தவறில்லை. மார்ச்சில் கணக்கு முடிக்கும் நிறுவனங்கள் செப்டம்பருக்குள் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்த வேண்டும். பல நிறுவனங்கள் அதை வீடியோவிலேயே நடத்துகின்றன. பேச விரும்பும் பங்குதாரர் முன்கூட்டியே மின்னஞ்சலில் பெயர் பதிய வேண்டும். அதற்கான முகவரி கூட்ட அறிவிப்பிலேயே இருக்கும். பாக்கி ஏன் 105 நாளானது என்று நிர்வாகத்திடமே கேளுங்கள்.